சாயமில்லாத நீலம்

நூலுக்குச் சாயம் ஏற்றுவதையே 35 ஆண்டுகள் தொழிலாகக் கொண்டிருந்தவர் என் அப்பா. கடவுள் உண்டா இல்லையா என்று அவர் யாரிடமும் வாதாடி நான் பார்த்ததில்லை. அந்தக் கேள்விக்குத் தொழிலே அவருக்கு விடை சொல்லிவிட்டது என்று நினைக்கிறேன். வெள்ளை நூல் தானாக நிறம் மாறாது. ஒருவர் தொட்டியைக் கலக்க வேண்டும், சூட்டைக் கவனிக்க வேண்டும், சிட்டத்தை, அதாவது நூல்கற்றையை, முக்கித் திருப்பி எடுத்துப் பிழிந்து நிழலில் உலர்த்த வேண்டும். இதில் எந்த இடத்தில் கை அசந்தாலும் நூல் திட்டுத் திட்டாகத்தான் சாயம் பிடிக்கும். இப்படியே ஆயுளைக் கழித்த மனிதர் ஒரு மயிலிறகையோ மாலை வானத்தையோ பார்க்கும்போது என்ன நினைப்பார் என்பதை ஊகிப்பது கடினமில்லை. "சாதாரண நூலுக்கே இத்தனை பாடு. இதுக்கு ஏத்தினவன் ஒருத்தன் இல்லாமலா இருப்பான்?" என்பார்.

சிறு வயதில் இந்த வாதம் எனக்குப் பிடித்திருந்தது. கல்லூரிக்குப் போன பிறகு அதைக் கேலி செய்தேன். இரண்டுமே அவசரம் என்று இப்போது தோன்றுகிறது. இயற்கையின் நிறமும் அழகும் படைத்தவன் ஒருவன் இருப்பதற்குச் சான்றாகுமா என்பதை, அப்பாவின் வாதத்துக்கு உரிய மதிப்பைக் கொடுத்து, நிதானமாக எழுதிப் பார்க்க விரும்புகிறேன். சான்று என்ற சொல்லை இங்கே இறுக்கமான பொருளில்தான் எடுத்துக்கொள்கிறேன். ஒன்று இருப்பதைக் கண்டால் இன்னொன்று இருந்தாக வேண்டும், அல்லது இருப்பதற்கான வாய்ப்பாவது அதனால் கூட வேண்டும். அழகைக் கண்டு நெஞ்சு நெகிழ்வதை நான் மறுக்கவில்லை. அந்த நெகிழ்ச்சியைச் சான்றுக் கணக்கில் எழுதலாமா என்பதே என் கேள்வி.

துணியில் ஓர் அங்குலத்துக்கு எத்தனை இழை ஓடுகிறது என்று எண்ணுவதற்காக அப்பா ஒரு மடக்கு உருப்பெருக்கி வைத்திருந்தார். ஒருநாள் மயிலிறகு ஒன்றை வெள்ளைத் தாளின்மேல் வைத்து, அந்த உருப்பெருக்கியை மாற்றி மாற்றி வாங்கி இருவரும் பார்த்தோம். வெறும் கண்ணுக்குப் பட்டுத் துண்டுபோலத் தெரிகிற அந்தக் கண்வடிவம் உருப்பெருக்கியின் கீழே தனித்தனி இழைகளாகப் பிரிந்துவிடுகிறது. ஒவ்வோர் இழையின் இருபுறமும் அதைவிட நுண்ணிய கிளைகள். அந்தக் கிளைகள் கோத்த மணிகளைப் போலக் கணுக்கணுவாக மின்னுகின்றன. தாளைச் சற்றே சாய்த்தால் பச்சை நீலத்தை நோக்கி நகர்கிறது, நேராக்கினால் திரும்பி வருகிறது. பிறகு இறகைத் தூக்கி, வெளிச்சம் அதன் பின்புறமிருந்து ஊடுருவி வரும்படி சன்னலுக்கு எதிரே பிடித்தேன். நீலமும் காணோம், பச்சையும் காணோம். காய்ந்த சருகின் பழுப்பு மட்டும் மிஞ்சியது. அப்பா இறகை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "சாயம் எங்கே போச்சு?" என்று கேட்டார்.

சாயத்தொட்டியில் கை நனைத்த ஒருவருக்கே தோன்றக்கூடிய கேள்வி அது. அதற்கு விடை, சாயம் அங்கே எப்போதும் இருந்ததில்லை என்பதுதான். மயிலிறகில் உள்ள நிறமி மெலனின். நம் தலைமுடியைக் கறுப்பாக்குகிற பொருள்தான் அதுவும். 1665இலேயே ஆங்கிலேய அறிவியலாளர் ராபர்ட் ஹூக் மயிலிறகை நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்து, நீரில் நனைத்ததும் அதன் நிறங்கள் அழிந்துபோவதைக் கண்டு, அவை ஒளி பட்டுத் திரும்புவதாலும் விலகுவதாலும் உண்டாகின்றன என்ற முடிவுக்கு வந்திருந்தார். அந்த நிறங்களைத் தருகிற நுண் அடுக்கு எப்படிப்பட்டது என்பது தெரியவர மேலும் மூன்று நூற்றாண்டுகளுக்கு மேல் ஆயிற்று. சீன இயற்பியலாளர்கள் 2003இல் வெளியிட்ட ஆய்வின்படி, இறகின் நுண்கிளைகளுக்குள் மெலனின் குச்சிகள் சதுரக் கட்டங்களாக வரிசை பிசகாமல் அமைந்திருக்கின்றன. நீலப் பகுதியில் அந்த வரிசைகளின் இடைவெளி ஏறத்தாழ 140 நானோமீட்டர், பச்சையில் 150, மஞ்சளில் 165. ஒரு தலைமுடியின் தடிமனில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட வராத வேறுபாடு நீலத்தை மஞ்சளாக்கிவிடுகிறது. விலங்குலகில் நீல நிறமி மிக அரிது. பறவைகளிடமும் பட்டாம்பூச்சிகளிடமும் நாம் காணும் நீலம் பெரும்பாலும் இப்படிப்பட்ட சாயமில்லாத நீலம்தான்.

இதில் அப்பாவை அதிகம் மகிழ்வித்தது வேறொரு செய்தி. ஜெர்மனியில் மெசல் என்ற இடத்தில் கிடைக்கும் புதைபடிவ வண்டுகளின் சிறகுறைகள், ஏறத்தாழ 4.7 கோடி ஆண்டுகள் கழித்தும் உலோகப் பளபளப்போடு மின்னுகின்றன. நிறம் சற்று மாறியிருக்கலாம், ஆனால் வெளுத்துவிடவில்லை. "அதுதாம்மா கெட்டிச் சாயம்" என்று சிரித்தார். சிரித்து முடித்ததும் அடுத்த கேள்வி வந்துவிட்டது. "சரி, அந்தக் குச்சிகளை அப்படி அடுக்கினது யாரு?"

இந்த இடத்தில்தான் அறிவியல் பேசுகிறவர்கள் பலர் பொறுமை இழக்கிறார்கள். நிறம் எப்படி வருகிறது என்று சொல்லிவிட்டால் நிறத்தைத் தந்தவன் காணாமல்போய்விடுவான் என்பது அவர்களுடைய எண்ணம். அப்படி ஆகாது. இந்தக் கேள்வியைப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே நம் முன்னோர் கூர்மையாகக் கேட்டுவிட்டார்கள். சைவ சித்தாந்தம் குடத்தைக் காட்டி விளக்கும்: மண் முதற்காரணம், தண்டும் சக்கரமும் துணைக்காரணம், குயவன் நிமித்த காரணம். மண்ணையும் சக்கரத்தையும் எவ்வளவு நுணுக்கமாக விளக்கினாலும் குயவன் இடம் காலியாகவே இருக்கும். மெலனின் முதற்காரணம், அதன் வரிசைகளில் பட்டுத் திரும்பும் ஒளியலைகள் ஒன்றோடொன்று கலக்கும் குறுக்கீடு துணைக்காரணம் என்று நான் சொன்னால், நிமித்த காரணம் எங்கே என்று அப்பா கேட்பது முறையான கேள்வியே. நியாயம் எனப்படும் இந்தியத் தருக்க மரபின் உதயணர் ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பு, உலகம் ஒரு காரியம், அதாவது ஆக்கப்பட்ட ஒன்று, காரியத்துக்கெல்லாம் கர்த்தா உண்டு, ஆகவே உலகுக்கும் உண்டு என்று வாதிட்டார். இங்கிலாந்தில் வில்லியம் பேலி என்ற சமயகுரு 1802இல் கடிகாரத்தை வைத்துச் சொன்னதும் ஏறக்குறைய இதுவே. அப்பா குடத்தையும் கடிகாரத்தையும் விட்டுவிட்டுச் சாயம் ஏற்றிய நூலை எடுத்துக்கொண்டார், அவ்வளவுதான் வேறுபாடு.

ஆனால் அதே தருக்க மரபுதான் அனுமானத்துக்கு ஒரு கடுமையான நிபந்தனையும் வைத்தது. புகையைக் கண்டு நெருப்பு இருக்கிறது என்று சொல்ல வேண்டுமானால், புகையும் நெருப்பும் இணைபிரியாமல் சேர்ந்திருப்பதை நாம் முன்பே அறிந்திருக்க வேண்டும். வெண்மையாக எழும்புகிறதெல்லாம் புகையில்லை. மூடுபனியைக் கண்டு நெருப்பைத் தேடி ஓடுகிறவனைப் பார்த்து ஊர் சிரிக்கும். 7ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவராகக் கருதப்படும் பௌத்தத் தருக்கவாதி தர்மகீர்த்தி இந்த இடத்தில்தான் கத்தியை வைத்தார். குடம் மண்ணால் உருவானது, அதற்குக் குயவன் உண்டு. மண்ணால் உருவானது என்பது மட்டுமே போதுமென்றால் கறையான் புற்றுக்கும் ஒரு குயவனைச் சொல்ல வேண்டியிருக்கும் என்றார். குடத்துக்குக் குயவன் உண்டென்று நாம் சொல்வது குயவர்கள் குடம் வனைவதைப் பார்த்திருப்பதால்தான். அந்தப் பழக்கத்தைக் கையில் எடுத்துக்கொண்டு, இதுவரை யாரும் வனைந்து பார்த்திராத மலைக்கும் கடலுக்கும் போனால் அனுமானம் வழியிலேயே உதிர்ந்துவிடுகிறது.

அந்தப் புற்றை நான் மறக்கவே முடியாத உவமையாகக் கருதுகிறேன், அதை எடுத்தாண்டவர் அறிந்திருந்ததைவிடவும் அது ஆழமானது என்பதால். புற்றுக்குள் காற்றோட்டம் உண்டு, அறைகள் உண்டு, சில இனங்களில் பூஞ்சை வளர்க்கும் தோட்டங்களும் உண்டு. எந்தக் கறையானிடமும் வரைபடம் இல்லை. ஒவ்வொன்றும் தன் முன்னே கிடக்கும் மண்ணுருண்டைக்கும் தன் அண்டையிலிருப்பதற்கும் ஏற்றபடி நடந்துகொள்கிறது; ஒட்டுமொத்தத்தில் ஒரு கோபுரம் எழுகிறது. வடிவம் இருக்கிறது, வடிவத்தை மனத்தில் வைத்திருந்தவர் யாருமில்லை. அப்படி ஒன்று நடக்கும் என்பதற்குப் புற்று கண்முன்னே நிற்கிற காட்சி. கறையானைப் படைத்தவன் யார் என்று பக்தர் கேட்கலாம், அது அவருடைய உரிமை. கடவுள் இல்லை என்று புற்று நிரூபிக்கவில்லை. வடிவத்தைக் கண்டதும் வனைந்தவனுக்குத் தாவுகிற அந்த ஒரு தாவலைத்தான் அது தடுக்கிறது.

இறகுக்குப் புற்றுபோல ஒரு விளக்கம் உண்டா என்றால், அதைத் தேடியவருக்கே அந்த இறகு நெடுநாள் தொல்லையாக இருந்தது. 1860 ஏப்ரல் 3ஆம் நாள் சார்லஸ் டார்வின் தன் நண்பரான தாவரவியலாளர் ஆசா கிரேக்கு எழுதிய கடிதத்தில், மயில்தோகையின் இறகைப் பார்க்கும்போதெல்லாம் தனக்குக் குமட்டுகிறது என்று எழுதினார். பிழைப்பதற்கு உதவுகிற உறுப்புகள் எப்படித் தோன்றின என்று அவரால் சொல்ல முடிந்தது. பறப்பதற்குச் சுமையாகவும் பகைக்குக் காட்டிக்கொடுப்பதாகவும் இருக்கிற இந்த ஆடம்பரத்துக்கு என்ன சொல்வது? 1871இல் அவர் தந்த விடை: ஆண் மயிலின் தோகையை வடித்தவை பெண் மயில்களின் கண்கள். தலைமுறை தலைமுறையாகப் பெண் மயில்கள் எதை விரும்பித் தேர்ந்தனவோ அது பெருகியது. அப்பா கேட்ட "அடுக்கினது யாரு" என்ற கேள்விக்கு இது நேரான பதில் என்றே நினைக்கிறேன். கலைஞர் இல்லையென்று டார்வின் சொல்லவில்லை. கலைஞர்கள் எண்ணற்றவர்கள், எல்லாரும் பெண் மயில்கள் என்றார். ஒரு பறவைக்கு அழகுணர்ச்சி உண்டு என்பதை அக்காலத்தில் பலரால் ஏற்க முடியவில்லை; இயற்கைத் தேர்வைத் தனியாகவே கண்டறிந்த ஆல்ஃபிரெட் வாலஸ்கூட அதை மறுத்தார்.

விவகாரம் இன்னும் முடிந்துவிடவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். தோகையில் கண்வடிவங்கள் அதிகமுள்ள ஆண்களுக்கே இணைகள் அதிகம் கிடைக்கின்றன என்று இங்கிலாந்தில் நடந்த ஓர் ஆய்வு 1991இல் காட்டியது. ஜப்பானில் ஏழு ஆண்டுகள் கவனித்து 2008இல் வெளியான இன்னோர் ஆய்வில் அப்படியொரு தொடர்பு தென்படவில்லை. இதைக் கேட்டதும், பார்த்தீர்களா, அறிவியலுக்கே தெரியவில்லை என்று சிலர் முகம் மலர்வார்கள். எனக்கு அந்த மலர்ச்சியில் உடன்பாடில்லை. நமக்கு இன்னும் புரியாத இடுக்குகளிலெல்லாம் கடவுளைக் குடியேற்றுகிறவர்கள், இடுக்கு அடைபடும்போது அவரைக் காலிசெய்யச் சொல்ல வேண்டியிருக்கும் என்பதை நினைப்பதில்லை.

பூக்களின் கதை இதைவிடத் தெளிவானது. நிறமும் மணமும் மனிதர் மகிழவே தரப்பட்டவை என்ற எண்ணம் ஆழமாக வேரூன்றியிருந்த காலத்தில், கிறிஸ்டியன் கொன்ராட் ஸ்பிரெங்கல் என்ற ஜெர்மானியர் ஒரு காட்டுப்பூவின் இதழடியில் இருந்த மெல்லிய மயிர்களைக் கண்டார். அறிவுமிக்க படைப்பாளி ஒரு மயிரையும் காரணமின்றி உண்டாக்கியிருக்க மாட்டான் என்று அவர் நம்பினார். காரணத்தைத் தேடிப் புறப்பட்டவர், பூவின் தேன், நிறம், இதழில் ஓடும் கோடுகள் எல்லாம் பூச்சிகளை வரவழைத்து மகரந்தத்தை அனுப்புவதற்காகவே இருக்கின்றன என்று 1793இல் எழுதினார். நம்பிக்கை ஒருவரைச் சரியான இடத்துக்குக் கொண்டுபோய் விட்டதற்கு இது நல்ல எடுத்துக்காட்டு. அதை மறைப்பது நேர்மையாகாது. ஆனால் போய்ச் சேர்ந்த இடத்தில் மனிதன் விருந்தாளியாகக்கூட இல்லை. தேனீக்களால் நிறங்களைப் பிரித்தறிய முடியும் என்பதைக் கார்ல் வான் ஃபிரிஷ் 1914இல் நிறுவினார். நாம் காண்கிற சிவப்பு தேனீக்குத் தெரியாது. நமக்குத் தெரியாத புற ஊதா அதற்குத் தெரியும். ஒரே மஞ்சளாக நமக்குத் தோன்றும் சில பூக்களின் நடுவே, தேனீயின் கண்ணுக்கு மட்டும் புலப்படும் கரிய வளையம் ஒன்று இருக்கிறது. அடுத்தவருக்கு வந்த கடிதத்தின் உறையைப் பார்த்துவிட்டு அதன் அழகில் மயங்கி, இது எனக்கே எழுதியது என்று நாம் சொல்லிக்கொண்டிருக்கிறோம். பூக்கும் தாவரங்கள் தோன்றிப் பத்துக் கோடி ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது. மனித இனத்துக்கு வயது ஏறத்தாழ மூன்று லட்சம் ஆண்டுகள்.

"பார்க்க ஆளில்லாத இடத்திலும் அழகை வைத்திருக்கிறானே, அது அவனுடைய வள்ளன்மை இல்லையா?" என்று நம்பிக்கையுள்ள தோழி ஒருத்தி என்னிடம் கேட்டதுண்டு. நல்ல கேள்வி. அவள் நினைத்தது ஆழ்கடலை. வெளிச்சம் எட்டாத ஆழத்தில் கருஞ்சிவப்பான இறால்களும் இழுதுமீன்களும் வாழ்கின்றன. படங்களில் பார்த்தால் மாணிக்கம்போல ஒளிர்கின்றன. ஆனால் கதிரவனின் சிவப்பொளியைக் கடல்நீர் மேற்பரப்புக்கு அருகிலேயே உறிஞ்சிவிடுகிறது. சிவப்பொளி இல்லாத இடத்தில் சிவப்பு உடல் கறுப்பாகவே இருக்கும், யார் கண்ணுக்கும் படாது. சிவப்பாக இருப்பது அங்கே ஒளிந்துகொள்ளும் வழி. நாம் வெள்ளை விளக்கை எடுத்துக்கொண்டு இறங்கினோம், அதனால் அது மாணிக்கமாயிற்று. அந்த அழகில் பாதி நாம் கொண்டுபோன விளக்கு.

விண்வெளிப் படங்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஹபிள் தொலைநோக்கி 1995இல் எடுத்த, தூண்கள்போல எழும்பி நிற்கும் வாயுமேகங்களின் படத்தை, "இறைவனின் ஓவியம்" என்ற வாசகத்தோடு எனக்கு அனுப்பாத உறவினர் இல்லை. கந்தகம், ஹைட்ரஜன், ஆக்சிஜன் ஆகிய தனிமங்களின் ஒளியைத் தனித்தனியே பதிவுசெய்து, அவற்றுக்குச் சிவப்பு, பச்சை, நீலம் என்று நிறம் ஒதுக்கிச் சேர்த்தவர்கள் மனிதர்கள். மேகம் உண்மை, நிறங்கள் நாம் ஒதுக்கியவை. உறவினரிடம் இதைச் சொல்லி அவரது காலை வேளையைக் கெடுக்கத் தேவையில்லை என்று இப்போதெல்லாம் விட்டுவிடுகிறேன்.

இதுவரை சொன்னவை, அழகைச் சான்றாக எடுத்துக்கொள்ள அவசியமில்லை என்ற அளவிலானவை. ஆனால் அழகைச் சான்றாக ஏற்றே தீர வேண்டும் என்று ஒருவர் நின்றால், அவரிடம் காட்ட வேண்டிய பூச்சி ஒன்று இருக்கிறது. மரகதக் குளவி என்று அதைச் சொல்லலாம். பார்த்ததும் மூச்சு நின்றுவிடும் அளவுக்கு அழகு. உடல் முழுவதும் நீலமும் பச்சையும் கலந்த உலோக மினுமினுப்பு, நடுக்கால்களின், பின்னங்கால்களின் தொடைகள் மட்டும் செக்கச்செவேல். தட்டான் கையில் பிறந்த நகை என்று சத்தியம் செய்யலாம். அந்த மினுமினுப்பும் மயிலிறகில் நாம் கண்டதுபோலச் சாயமில்லாத நிறம்தான். இந்தக் குளவி ஒரு கரப்பான்பூச்சியைப் பிடித்து முதலில் மார்பில் கொட்டுகிறது. முன்னங்கால்கள் சில நிமிடங்களுக்குச் செயலிழக்கின்றன. அந்த அவகாசத்தில் இரண்டாம் முறை தலைக்குள், மூளையின் குறிப்பிட்ட பகுதியைக் கொடுக்கால் தேடிக் கண்டுபிடித்துக் கொட்டுகிறது. கரப்பானால் நடக்க முடியும், ஆனால் நடக்க வேண்டும் என்ற முனைப்பு போய்விடுகிறது. குளவி அதன் உணர்கொம்புகளைப் பாதியாகத் துண்டித்து, கசியும் திரவத்தைக் குடித்துவிட்டு, மிஞ்சிய கொம்பைப் பற்றி, கயிறு பிடித்து மாட்டை நடத்திப்போவதுபோல் அதை வளைக்கு நடத்திச் செல்கிறது. காலில் ஒரு முட்டையிட்டு வளையின் வாயை அடைக்கிறது. பொரிந்து வரும் புழு, உயிரோடிருக்கும் கரப்பானை உள்ளிருந்து தின்று வளர்ந்து, அதே மரகதப் பளபளப்போடு வெளியே வருகிறது.

இது கடவுளுக்கு எதிரான சான்று என்று நான் சொல்லவரவில்லை. டார்வின் தன் மற்றொரு கடிதத்தில், கம்பளிப்புழுக்களின் உயிருள்ள உடலுக்குள் இருந்து தின்னும் குளவிகளை அன்பே உருவான கடவுள் திட்டமிட்டுப் படைத்திருப்பார் என்று தன்னால் நம்ப முடியவில்லை என எழுதியபோது, அவர் சுட்டிக்காட்டியது ஒரு சங்கடத்தை. பச்சை நிறத்தைப் படைப்பாளியின் கையெழுத்து என்று படித்தால், கொடுக்கையும் அதே கையெழுத்தாகப் படித்தாக வேண்டும். நிறத்தை வரவில் எழுதி, கொடுக்கை எழுதாமல் விடுகிற கணக்கை எந்தத் தணிக்கையாளரும் ஒப்புக்கொள்ள மாட்டார்.

மாலை வானத்துக்கும் இப்படியொரு கணக்கு உண்டு. 1883 ஆகஸ்ட் இறுதியில் இன்றைய இந்தோனேசியாவில் கிரகடோவா எரிமலை வெடித்துச் சிதறியது. அதிலும் அது எழுப்பிய பேரலைகளிலும் 36,000க்கு மேற்பட்ட மக்கள் மாண்டார்கள். வானத்தின் உயர் அடுக்குக்குப் போன நுண்துகள்கள் உலகைச் சுற்றிப் பரவின. அடுத்த பல மாதங்களுக்கு, எரிமலையின் பெயரையே கேட்டிராத நாடுகளிலெல்லாம், யாரும் அதுவரை கண்டிராத செம்மையோடு கதிரவன் மறைந்தான். அமெரிக்காவில் சில ஊர்களில் எங்கோ பெருந்தீ என்று எண்ணித் தீயணைப்பு வண்டிகளை வெளியே ஓட்டினார்கள். அந்த மாலைகளில் வானத்தைப் பார்த்துக் கைகூப்பியவர்கள் எத்தனை பேர் இருந்திருப்பார்கள்! அவர்களுடைய பக்தியைக் குறைசொல்ல எனக்கு வாய் வரவில்லை. அந்தச் சிவப்புக்கும் நன்மைக்கும் எந்தத் தொடர்பும் இல்லை என்பதை மட்டும் சொல்கிறேன்.

பழந்தமிழ் இந்தச் சங்கடத்தை அறிந்திருந்தது என்று எனக்குத் தோன்றுகிறது. முருகு என்றால் அழகு, இளமை, நறுமணம், தெய்வம். அழகும் தெய்வமும் ஒரே சொல்லில் வாழ்ந்தன என்று நாம் பெருமையாகச் சொல்லிக்கொள்வோம். ஆனால் பக்கத்திலேயே அணங்கு என்ற சொல்லும் இருக்கிறது. அதற்கும் தெய்வம் என்று பொருள், அழகிய பெண் என்று பொருள். கூடவே வருத்தம், அச்சம், துன்புறுத்துவது என்றும் பொருள். அழகில் தெய்வத்தைக் கண்ட அந்தப் பழைய மனம், அந்தத் தெய்வம் நல்லதாகத்தான் இருக்கும் என்று எடுத்த எடுப்பில் முடிவுகட்டவில்லை. மரகதக் குளவியைக் காட்டினால் அந்த மனம் திகைத்திருக்காது.

அழகு என்பதே பார்ப்பவரின் காலத்தைச் சார்ந்தது என்ற வாதத்தை நான் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. அது பாதி உண்மை. இங்கிலாந்தின் சமயகுருவும் அறிஞருமான தாமஸ் பர்னெட் 1681இல் மலைகளைப் பார்த்து, இவை ஊழிவெள்ளத்தில் உடைந்துபோன உலகின் இடிபாடுகள் என்று எழுதினார். அடுத்த நூற்றாண்டிலேயே அதே மலைகள் இறைவனின் மாட்சிக்கு அடையாளமாகிவிட்டன. மலை மாறவில்லை. ஆனாலும் மலையடிவாரத்தில் நிற்கும் எவருக்கும் ஏதோ ஒன்று நேர்கிறது என்பதில் பர்னெட்டுக்கும் அவருக்குப் பின் வந்தவர்களுக்கும் கருத்து வேறுபாடு இல்லை.

அந்த "ஏதோ ஒன்று" தான் இந்த வாதத்தின் மிக வலுவான இடம். பிரெடெரிக் டெனன்ட் என்ற இறையியலாளர் 1930இல் அதை நன்றாகவே எடுத்துவைத்தார். பூவும் இறகும் பிழைப்போடு தொடர்புள்ளவை, அவற்றின் அழகுக்குக் காரணம் சொல்லிவிடலாம். ஆனால் விண்மீன்கள், பனித்துகள், வெறும் பாறை, எவருக்கும் உணவோ உறைவிடமோ தராத பாலைவனம், இவையும் ஏன் அழகாக இருக்க வேண்டும்? அவற்றைக் கண்டு மகிழும் மனம் ஏன் நமக்கு வாய்த்தது? பிழைத்துக் கிடப்பதற்கு இந்த மகிழ்ச்சி தேவையே இல்லையே.

இதற்கு வழக்கமாகச் சொல்லப்படும் விடைகள் எனக்குத் தெரியும். பழுத்த பழத்தைப் பச்சை இலைகளுக்கிடையே தேடிக் கண்டுபிடித்த முன்னோரின் கண் நமக்குக் கிடைத்திருக்கிறது; ஒழுங்கையும் சமச்சீரையும் விரைந்து பிடிக்கும் மூளை கிடைத்திருக்கிறது. ஒரு வேலைக்காகத் தீட்டிய கத்தி வேறு எதையெல்லாமோ வெட்டுவதுபோல, அந்தக் கண்ணும் மூளையும் பனித்துகளின் ஆறு கைகளிலும் இன்பம் காண்கின்றன. நீர் மூலக்கூறுகள் உறையும்போது அறுகோணமாகக் கோத்துக்கொள்வதால் அந்தக் கைகள் ஆறாகின்றன. அதற்கு வேறு மருமம் இல்லை. இந்த விடை தவறு என்று நினைக்கவில்லை. ஆனால் இரவில் மின்சாரம் போன ஒரு நேரத்தில் மொட்டைமாடியில் நின்று அண்ணாந்து பார்த்தபோது என் தொண்டை அடைத்ததற்கு இது முழு விளக்கம் என்றும் என்னால் சொல்ல முடியவில்லை. கொஞ்சம் மிஞ்சுகிறது. மிஞ்சுவதை மிஞ்சுவதாகவே வைத்திருக்க நான் பழகிவிட்டேன். விளக்கம் கிடைக்காத ஒன்றுக்குக் கடவுள் என்று பெயர் வைத்தால், கையில் இருப்பது ஒரு பெயர்தான். அந்த விளக்கம் அதனால் கிடைத்துவிடாது.

இவ்வளவையும் நான் அப்பாவிடம் ஒரே மூச்சில் சொல்லவில்லை. பல மாதங்களில், துண்டு துண்டாக, சில சமயம் அவர் கேட்காமலேயே சொல்லியிருக்கிறேன். புற்றின் கதையை மிகவும் ரசித்தார். குளவியைக் கேட்டு முகம் சுளித்து, "அதுவும் இருக்கத்தானே செய்யுது" என்றார். ஒருநாள் நான் கொஞ்சம் வேகமாகவே, "அப்படியென்றால் அழகு சான்றில்லை என்று ஒப்புக்கொள்கிறீர்களா?" என்று கேட்டேன். அவர் சற்று வியப்போடு என்னைப் பார்த்தார். "சான்று வேணும்னு நான் எப்பம்மா கேட்டேன்? நீதானே கேட்டுக்கிட்டிருக்கே" என்றார்.

எனக்குச் சுருக்கென்றது. "ஏத்தினவன் ஒருத்தன் இல்லாமலா?" என்று அவர் சொன்னதையெல்லாம் நான் அனுமானம் என்று எடுத்துக்கொண்டு, அதன் நிபந்தனைகளைச் சரிபார்த்துக்கொண்டிருந்தேன். புகையைக் கண்டு நெருப்பைத் தேடுகிறவரின் பேச்சில்லை அது. தெரிந்தவர் ஒருவரை வழியில் கண்டதும் கை உயர்வது போன்றது. அவருக்குக் கடவுள் முன்பே இருக்கிறார். இறகைப் பார்க்கும்போது நினைவு வருகிறது. சரியோ தவறோ, நான் அறுத்துக்கொண்டிருந்தது அவர் பிடித்துத் தொங்கிய கயிற்றை இல்லை. என் முடிவு இதனால் மாறவில்லை: எனக்கு அந்தத் தெரிந்தவரைத் தெரியாது, இறகு அவரை அறிமுகம் செய்துவைக்கவும் இல்லை.

பிறகு அவராகவே அவுரித் தொட்டியைப் பற்றிச் சொன்னார். மற்றச் சாயங்கள் பல நீரில் கரையும், அவுரியின் நீலம் கரையாது. தொட்டியில் உயிர்வளியைப் போக்கி, அதன் நீலத்தையே இழக்கச் செய்தால்தான் கரையும்; அந்த நீர் மஞ்சளும் பச்சையுமாக இருக்கும். சிட்டத்தை முக்கி வெளியே எடுக்கும்போது நூலும் மஞ்சள்பச்சையாகத்தான் வரும். காற்றுப் பட்டதும் முதலில் ஓரங்கள் கலங்கும், பச்சை கருக்கும், பிறகு பார்த்துக்கொண்டிருக்கும்போதே நீலம் மேலிருந்து கீழாக இறங்கி நூல் முழுவதும் பரவும். "அந்த நீலத்தை நான் ஏத்தலைம்மா. முக்கி எடுக்கிறதோட என் வேலை முடிஞ்சுது. மத்தது காத்தோட வேலை" என்றார். ஆக்சிஜன் ஏற்றம் என்று நான் அதற்குப் பெயர் சொன்னேன். தலையாட்டினார். எத்தனை ஆயிரம் முறை அதைப் பார்த்திருப்பீர்கள் என்று கேட்டேன். கணக்கில்லை என்றார். ஆனால் ஒவ்வொரு முறையும் சிட்டத்தைத் தூக்கிக் கம்பில் மாட்டியதும் பட்டறையில் இருந்தவர்கள் பேச்சை நிறுத்திவிட்டு, அது நீலமாகி முடியும் வரை அதையே பார்த்துக்கொண்டிருப்பார்களாம்.